வெறும் மெசின்

நவம்பர் 6, புதன்

பொரளை கிளினிக். புதிதாக வந்திருக்கும் சின்ன டொக்டர் என் மருத்துவக் கோவையைத் திறக்காமலே கேட்டான், "சிகரெட் குடிப்பீங்களா?" இல்லை என்றேன். "ஹஸ்பண்ட்?" கலியாணமே கட்டவில்லை என்றேன். "அப்ப, அப்பா?" அப்பா செத்து முப்பது வருடம். அவர் குடித்ததெல்லாம் வெறுந்தேத்தண்ணி. "விறகு அடுப்பா?" அவன் பிறப்பதற்கு முன்பே எங்கள் வீட்டில் காஸ். கடைசியில் என்னை ஒரு கள்ளியைப் போலப் பார்த்தான். நுரையீரல் அடைத்துப்போன எல்லாரும் எங்கேயோ ஒளித்து நின்று பற்ற வைத்திருக்க வேண்டும் என்று இவர்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள் போலும்.

எங்கே குடியிருக்கிறீர்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன். கொட்டாஞ்சேனை. துறைமுகத்துக்குப் போகிற கொன்டெய்னர் லொறிகள் வரிசையில் நின்று உறுமுகிற லேனில், மேல்மாடியில், பிறந்ததிலிருந்து.

எதிர்வீட்டு மாக்ரெட்டும் வந்திருந்தாள். அதே நோய், அதே கிளினிக், அதே நாள். காத்திருக்கிற நீள வாங்கின் இந்த முனையில் நான், அந்த முனையில் அவள். நடுவில் இருந்த சிங்கள அம்மா எங்கள் இரண்டு பேரோடும் நன்றாகக் கதைத்தாள்.

நவம்பர் 9, சனி

விடியவே றெஜியின் லொறி. றெஜி மாக்ரெட்டின் மகன். இரண்டு லொறி வைத்திருக்கிறான். இரண்டையும் லேன் வாசலில் நிறுத்தி, துறைமுகத்திலிருந்து கூப்பிடும் வரை எஞ்ஜினை ஓட விட்டிருப்பார்கள் சாரதிமார். இறங்கிப் போய், எஞ்ஜினை நிறுத்து தம்பி என்று சிங்களத்தில் சொன்னேன்.

"மல்லி, எஞ்ஜின் எக்க நவத்தன்ன."

"ஏஸீ எகட்ட, நோனா."

ஏஸீக்காம். அவருக்குக் குளிர, எனக்கு நெஞ்சு வேக வேண்டும்.

நாலு வருடத்துக்கு முன் இதைப்பற்றி ஒரு முறைப்பாடு கொடுத்தேன். பார்க்க வந்த உத்தியோகத்தர் மாக்ரெட் வீட்டில் கேக்கும் தேத்தண்ணியும் எடுத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு பூசையில் மாக்ரெட் என்னைக் கண்டதும் வாங்கு மாறி இருந்தாள். "என்ட மகன்ட லொறியாலதான் இந்த லேனில பாதிப் பேர் சாப்பிடுறது" என்று கோவில் வாசலில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாளாம். அதோடு கதை முடிந்தது. இப்போது அவளும் என்னைப் போலவே படி ஏறினால் நின்று நின்று ஏறுகிறாள். லொறிக்கு ஆள் பேதம் தெரியாது.

நவம்பர் 20, புதன்

ஒரு ஆராய்ச்சிக்காரி வந்தாள். டொக்டர் சுபோதினி. வெள்ளவத்தைப் பிள்ளை, யாழ்ப்பாணத்துப் பேச்சு. கிளினிக்கில் என் பெயரை எடுத்தாளாம். இரத்தம் வேண்டுமாம், ஐந்து மாதம் கழித்து இன்னொரு தரம் வேண்டுமாம். கொசு கேட்காமல் எடுக்கிறது, இவள் கேட்டு எடுக்கிறாள்; அந்த மட்டில் மரியாதை.

என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். பிறக்கும்போது வந்த மரபணு மாறுவதில்லையாம். அதன்மேல் ஒட்டியிருக்கிற சின்னச் சின்ன இரசாயனக் குறிகள்தான் புகையால் மாறுகின்றனவாம். குறி மாறினால் சில மரபணுக்கள் வேலை செய்ய வேண்டிய நேரம் வாய்மூடி இருக்கும், சும்மா இருக்க வேண்டியவை கத்தும். என்னைப் போன்றவர்களின் நெஞ்சில் வீக்கம் அடங்காமல் கிடப்பது அதனாலும் இருக்கலாம். காற்றைச் சுத்தமாக்கிக் கொடுத்தால் குறிகள் பழையபடி திரும்புமா? அதுதான் கேள்வி.

நான் கோட்டையில் கப்பல் கொம்பனியில் ஸ்டெனோவாக இருந்தவள். "சோட்ஹான்ட்மாதிரி சொல்லுறீங்க" என்றேன். "கோடு அதேதான். புள்ளி மேலயா நடுவிலயா கீழயா எண்டதில சொல்லே மாறிப்போகும்."

"ஓம் அன்ரி, அதேதான். எவ்வளவு கெதியா விளங்கிட்டீங்க" என்று சிரித்தாள். நேர்சறிப் பிள்ளைக்கு ஸ்டார் போடுவதுபோல. அறுபத்துமூன்று வயதில் எனக்கு இது வேண்டியிருக்கிறது.

ஆனால் கையொப்பம் போட்டேன். ஏன் போட்டேன்? முதல் தடவையாக ஒருத்தி வீட்டு ஜன்னலைத் திறந்து வெளியே என்ன போகிறது என்று பார்த்தாள். அதனாலாக இருக்கும்.

டிசம்பர் 2, திங்கள்

மெசின் வந்தது. காற்றைச் சுத்தம் செய்கிற மெசின். குளிர்சாதனப் பெட்டி குட்டி போட்டதுபோல ஒரு வெள்ளைப் பெட்டி, மேலே நீல விளக்கு. படுக்கை அறையில் வைத்து நாள் முழுக்க ஓட விட வேண்டும்.

பாதிப் பேருக்குக் கொடுத்திருப்பதில் உள்ளே வடிகட்டி இருக்குமாம். மற்றப் பாதிப் பேருக்கு ஒன்றுமே இல்லை. காற்று சும்மா உள்ளே போய்ச் சும்மா வெளியே வரும். யாருக்கு எது என்று சுபோதினிக்கே தெரியாதாம், தெரியக் கூடாதாம். ஏப்ரல் முடிய எல்லாருக்கும் நல்லது கொடுப்பார்களாம். பின்மூடியில் ஒரு ஸ்டிக்கர், திறக்க வேண்டாம் என்று.

எனக்கு வந்தது வெறும் மெசின் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் வாழ்க்கையில் லொத்தர்ச் சீட்டில் ஒரு நாளும் பரிசு விழுந்ததில்லை.

மாக்ரெட்டுக்கும் ஒன்று.

டிசம்பர் 15, ஞாயிறு

பூசை முடிந்து கோவில் முற்றத்தில் மாக்ரெட்டின் பிரசங்கம். மெசின் வந்த நாளிலிருந்து மூச்சு பஞ்சு போல இருக்கிறதாம். நடக்கிறாளாம், பாடுகிறாளாம், பெரிய சட்டியில் பிளாவ் சோறு கூடக் கிண்டினாளாம். "லூசியம்மாட புதுமை" என்று, அற்புதம் நடந்ததுபோலக் கண் கலங்கினாள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டினார்கள். லூசியம்மா கண்ணுக்குரிய புனிதை. நெஞ்சையும் பொறுப்பெடுத்தது எப்போதோ தெரியவில்லை.

எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றுதான் எழுத இருந்தேன். ஆனால் நேற்று அலுமாரிக் கண்ணாடிக்கு முன் விரலால் தேய்த்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் துடைத்தாலும் கறுப்பாக வருகிற இடம். விரல் சுத்தமாக வந்தது.

இதை ஒருவருக்கும் சொல்லப் போவதில்லை.

டிசம்பர் 27, வெள்ளி

வெள்ளவத்தையில் பெறாமகள் சுரேகா வீட்டில் இரண்டு நாள். தங்கச்சி மகள். "கடல் காத்து அன்ரி, உங்கட நெஞ்சுக்கு நல்லது" என்று கூட்டிக்கொண்டு போனாள். அந்த அடுக்குமாடி பிளட்டிலிருந்து கடல் ஒரு விரல் அகலத்துக்குத் தெரியும், இரண்டு கட்டடத்துக்கு நடுவில். மற்றப் பக்கம் காலி வீதி. பஸ்கள் போட்டி போட்டு ஓடுகின்றன; கறுத்தப் புகை ஐந்தாம் மாடி வரை லிப்ட் இல்லாமலே ஏறுகிறது.

அவள் புருஷன் லவன் போனைக் காட்டினான். காற்றின் நிறம் பார்க்கிற செயலியாம். இன்றைக்குச் செம்மஞ்சள், நெஞ்சுக்குக் கூடாத நிறம். "இதெல்லாம் இந்தியாவிலயிருந்து வாற புகை அன்ரி. இந்த மாசங்களில காத்து அங்கயிருந்துதான் அடிக்குது." ஓம், அதுவும் வருகிறதாம், பேப்பரிலும் போட்டார்கள். ஆனால் இவன் சொல்லும்போது முகத்தில் எவ்வளவு ஆறுதல். பக்கத்துக் கடைக்கு பாண் வாங்கவும் கார் எடுக்கிறவன். இந்தியாக்காரன் வந்தா இவன்ட சாவியைத் திருப்புறான்?

போகும்போது மெசினைக் கொண்டுபோகவில்லை. இரண்டு நாளும் இருமினேன்.

ஜனவரி 10, வெள்ளி

மூன்று நாளாகக் காற்று அசையவில்லை. துறைமுகப் பாரந்தூக்கிகள் பாலில் முக்கியதுபோல மங்கலாகத் தெரிகின்றன. வானொலியில் ஒரு பெரியவர் சொன்னார், வயோதிபர் வெளியே போகாமல் வீட்டுக்குள் இருந்தால் போதும் என்று. அவர் வீட்டுக்குள் என்ன காற்று இருக்கிறதோ. எங்கள் வீட்டுக்குள் வெளியில் இருக்கிற அதே காற்றுத்தான், கொஞ்சம் பழசாக.

ஜனவரி 12, ஞாயிறு

எழுதிவிட்டுப் படுப்போம்.

பின்னேரப் பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். டெனிஷா, றெஜியின் பெண்சாதி, மகள் மிதுனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு படி ஏறி ஓடி வந்தாள். நாலு வருடத்தில் அந்த வீட்டிலிருந்து ஒருவர் என் வாசலுக்கு வந்தது இதுதான் முதல் தரம்.

"மிஸ், மாமிக்கு மூச்சு எடுக்க ஏலாம இருக்கு. அவர் போர்ட்டுக்குள்ள, போன் வேலை செய்யுதில்ல. உங்கட நெபியுலைசரைத் தருவீங்களா?"

மருந்தை ஆவியாக்கி மூச்சில் ஏற்றுகிற அந்தச் சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டு நானே போனேன். கெதியாகப் போனேன் என்று எழுத ஆசை, அதற்கு என்னிடம் மூச்சு இல்லை.

மாக்ரெட் கட்டிலில் குந்திக்கொண்டு இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி இருந்தாள். உதடு நாவல்பழம். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பப் பார்த்தாள், அதற்கும் பலம் இல்லை. முகமூடியை வைத்துப் பிடித்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. நகம் பதிந்த அடையாளம் இப்போதும் இருக்கிறது.

அவள் அறையில் நீல விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மெசின் நன்றாக இரைந்தது. ஆனால் கட்டில் தலைமாட்டில் மாதா சுரூபத்துக்கு விரித்திருந்த வெள்ளைத் துணி — சாம்பல் நிறம். "இண்டைக்குக் காலமதான் மாத்தினனான் மிஸ்" என்றாள் டெனிஷா.

மாக்ரெட்டின் மூச்சு கொஞ்சம் இறங்கி, அம்புலன்ஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனபிறகு, டெனிஷாவிடம் ஸ்குறூட்றைவர் கேட்டேன். ஸ்டிக்கரைக் கிழித்து மூடியைக் கழற்றினேன். வெறும் கூடு. ஒரு சட்டம், ஒரு விசிறி, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து என்னுடையதையும் கழற்றினேன். தடித்த, மடிப்பு மடிப்பான தாள். வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். கரிச்சட்டி போல இருந்தது.

ஆக லூசியம்மாவின் புதுமை வெறும் விசிறி. பஞ்சு போல மூச்சு, பிளாவ், எல்லாம். சிரிக்கலாம். எத்தனை நாள் இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்குக் காத்திருந்தேன்.

சிரிப்பு வரேல்ல. என்ன சனியனோ தெரியேல்ல, அழுகைதான் வந்தது.

ஜனவரி 16, வியாழன்

மாக்ரெட் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். காலையில் என் மெசினைத் தூக்கி அவள் அறையில் வைக்கச் செய்தேன். தூக்கிக்கொண்டு போனது றெஜியின் லொறிச் சாரதி, ஏஸீ மல்லி. மாக்ரெட்டிடம் ஒன்றும் சொல்லவில்லை. "பழசு பழுதாப் போச்சு" என்று டெனிஷா சொல்லிவிட்டாள்.

பிறகு சுபோதினிக்கு போன் எடுத்து உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"அன்ரி, நீங்கள் ரெண்டு பேரும் இனி கணக்கில இல்ல."

"கணக்கில இல்லாம இருக்கிறது எங்களுக்குப் புதுசில்ல பிள்ளை."

"நான் கோவத்தில சொல்லேல்ல. வெறும் மெசின் ஒண்டு இல்லாட்டி, நல்ல மெசின்தான் வேலை செய்தது எண்டு ஒருத்தரும் நம்ப மாட்டினம். மாக்ரெட் அன்ரியைப் பாருங்கோ, வெறும் மெசினோடயே சுகம் எண்டு சொன்னவ. அதுக்காகத்தான்."

"அவ ஏப்ரல் மட்டும் மூச்சை அடக்கி வச்சிருக்க வேணும் எண்டுறீங்க."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இருக்கட்டும், அது நியாயத்தின் பாடு.

மெசினை எப்போது எடுக்க வருவீர்கள் என்று கேட்டேன். "எடுக்கச் சொல்லி எனக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்ல" என்றாள். போனை வைக்கும்போது, "வடிகட்டி மாத்த வேணும். கொண்டு வாறன்" என்றாள்.

பரவாயில்லை, படித்த பிள்ளைக்குக் கொஞ்சம் புத்தியும் இருக்கிறது.

ஜனவரி 25, சனி

இருமல். அலுமாரிக் கண்ணாடிக்கு முன் பழையபடி கறுப்பு.

பெப்ரவரி 3, திங்கள்

படி இறங்கிக் கடைக்குப் போய்ப் படி ஏற முடியவில்லை. நடுப்படியில் இருந்துவிட்டேன். எதிர்வீட்டு ஜன்னலில் மாக்ரெட் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன்.

சிறிது நேரத்தில் டெனிஷா வந்தாள். "மாமி சொல்றா, அந்த அறையில இன்னொரு கட்டில் போடலாமாம். உங்கட மெசின், உங்கட காத்தாம்."

உங்கட காத்தாம். டெனிஷா வாய் உளறிவிட்டாள் போலிருக்கிறது. மாக்ரெட்டுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மன்னிப்பு இல்லை, நன்றி இல்லை, நாலு வருடம் பேசாமல் இருந்தது ஒரு சொல்லில் முடிகிறது. தலையணையை எடுத்துக்கொண்டு போனேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

ஒரே அறையில் ஒரு கிழமை ஆகப்போகிறது. மாக்ரெட் குறட்டை விடுகிறாள். நான் விடுகிறேன் என்று அவள் சொல்கிறாள். விசிறி வேண்டும் என்பாள், பிறகு குளிர்கிறது என்பாள். செபமாலையைக் குதிரை ஓட்டம்போலச் சொல்வாள், கடவுளுக்கு வேறு வேலை இருக்கிறதுபோல. ஆனால் இரண்டு பேருக்கும் இருமல் குறைந்திருக்கிறது.

காலையில் சுபோதினி கொண்டுவந்த புதிய வடிகட்டியைப் போட்டேன். பழையதை றெஜி இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையில், அவன் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்ன மிஸ் இது?"

"நாங்க குடிக்காம விட்ட புகை."

பார்த்தான். விரலால் தொட்டான். பிறகு சொன்னான், "இது முழுக்க என்ட லொறியா? பஸ் இல்லையா? போர்ட்டில கப்பல் இல்லையா? பின்லேனில குப்பை எரிக்கிறாங்க, அது? ரெண்டு லொறிய நிப்பாட்டினா இது வெள்ளையாகிடுமா?"

சரியான கேள்வி. அதுதான் எரிச்சல். முட்டாள் என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தவன்.

"ஆகாது. ஆனா குப்பைக்காரன்ட அம்மா இந்த அறையில இல்ல" என்றேன்.

அவன் எழும்பப் போனான். மாக்ரெட் உள்ளேயிருந்து மெதுவாகச் சொன்னாள், "அந்த ஏஸீ பழக்கத்தை விடச் சொல்லு மகன், பொடியன்மாருக்கு." எல்லாருக்கும் முன்னால் லொறிக்காகச் சண்டை பிடித்த மனுசி.

இடியப்பம் பாதியில் கிடந்தது.

மார்ச் 18, செவ்வாய்

றெஜி லொறிகளை இப்போது ஆமர் வீதிப் பக்கம் ஒரு வளவில் நிறுத்துகிறான். லேனில் சத்தமில்லை. எல்லாரும் எனக்கு வந்து நன்றி சொல்கிறார்கள், பங்குச் சுவாமி உட்பட. எதற்கு? புகை செத்துப் போகவில்லை, வீடு மாறியிருக்கிறது. அந்த வளவுக்குப் பக்கத்திலும் என்னைப்போல யாரோ ஒரு மெற்றில்டா மேல்மாடியில் ஜன்னல் சாத்திக்கொண்டிருப்பாள். அவளுக்கு யார் மெசின் கொடுப்பார்கள்?

இதை றெஜியிடமும் சொன்னேன். "உங்களுக்கு எதுவும் காணாது மிஸ்" என்றான். ஓம், போதாது. வளவிலும் எஞ்ஜினை நிறுத்தச் சொல்லியிருக்கிறானாம். பார்ப்போம். நம்பிக்கை இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

சுபோதினி முதற்கட்ட முடிவைச் சொல்ல வந்தாள். நாங்கள் கணக்கில் இல்லாதவர்கள், என்றாலும் வந்தாள்.

நல்ல மெசின் கிடைத்தவர்களின் இரத்தத்தில் சில இடங்களில் குறிகள் கொஞ்சம் மாறியிருக்கின்றனவாம், வீக்கத்தோடு சம்பந்தப்பட்ட இடங்கள். வெறும் மெசின்காரரில் அப்படிக் காணவில்லையாம். ஆனால் ஆட்கள் போதாது, காலம் போதாது, அடித்துச் சொல்ல ஏலாது, இன்னும் பார்க்க வேண்டும். இவ்வளவு இரத்தம், இவ்வளவு பெட்டி, இவ்வளவு மூக்குறிஞ்சல், கடைசியில் 'கொஞ்சம்'. நான் ஸ்டெனோவாக இருந்த காலத்தில் இப்படி ஒரு கடிதத்தை டைப் பண்ணக் கொடுத்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

றெஜி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மிதுனா அவன் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"டொக்டர், எனக்கும் அந்தக் குறி மாறியிருக்குமா? பதினெட்டு வயசில ஏறினனான் லொறியில."

"இருக்கலாம். பாக்காமச் சொல்ல ஏலாது."

"பிள்ளைக்கும் போகுமா?"

சுபோதினி மிதுனாவைப் பார்த்தாள். "எலியில பாத்திருக்கினம். மனிசரில வடிவாத் தெரியாது. எனக்குத் தெரியாது அண்ணா."

இத்தனை வருடத்தில் எத்தனை டொக்டர்மாரிடம் போயிருக்கிறேன். ஒருத்தராவது 'எனக்குத் தெரியாது' என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. அந்தப் பிள்ளையைப்பற்றி இந்தக் கொப்பியில் முன்பு எழுதியதில் சிலவற்றை வெட்டலாம். வெட்ட மாட்டேன், ஆனால் வெட்டலாம்.

றெஜி சட்டைக் கையை மடித்து மேசையில் கையை வைத்தான். "அடுத்த முறைக்கு என்னையும் எடுங்க" என்றான். அடுத்த முறை எப்போது, அதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்று ஒன்றும் தெரியாது என்று அவள் விளங்கப்படுத்திக்கொண்டே இருந்தாள். அவன் கையை எடுக்கவில்லை.

மாக்ரெட்டுக்குப் புதிய மெசின் வந்திருக்கிறது, உள்ளே வடிகட்டியோடு. என்னுடையதை நான் வீட்டுக்குக் கொண்டு போகலாம்.

மே 2, வெள்ளி

என் வீட்டில். பக்கத்தில் குறட்டை இல்லை. நிம்மதி.

மே 5, திங்கள்

டெனிஷா கட்டிலை இன்னும் எடுக்கவில்லையாம். எடுக்க ஆள் இல்லை என்று சொல்கிறாள். லொறி வைத்திருக்கிறவன் வீட்டில் கட்டில் தூக்க ஆள் இல்லை.

யூன் 11, புதன்

கிளினிக். மாக்ரெட்டுக்கு மூச்சுப் பரிசோதனை. றெஜி துறைமுகத்தில், டெனிஷாவுக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடம். கூடப் போக ஒருவரும் இல்லாததால் போனேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. வழி முழுக்க முச்சக்கர வண்டிக்காரனோடு வாடகைக்குச் சண்டை பிடித்தாள், மூச்சு இழுத்து இழுத்து.

பரிசோதனை அறை வாசலில் நர்ஸ் என்னை மறித்தாள். சொந்தக்காரர் மட்டும்தான் உள்ளே போகலாமாம். மாக்ரெட்டைப் பார்த்து, "மே கவுத?" என்று கேட்டாள். இது யார் என்று.

"மகே அக்கா" என்றாள் மாக்ரெட், யோசிக்காமல்.

நான் அவளுடைய அக்காவாம். அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். வயதைக் குறைத்துக்கொள்கிற புத்தி ஆஸ்பத்திரி வாசலிலும் போகவில்லை. நர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டாள்.

நான் திருத்தவில்லை. அவளுடைய பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.